புது டிராக்டரும் முதல் ஐம்பது மணி நேரமும்: எந்தக் குறிக்கு எதைப் பார்ப்பது

ஹங்வெல்லப் பக்கம் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் தென்னங்காணிக்கு ஒரு சிறிய டிராக்டர் வாங்கினோம். 24 குதிரைவலு, நாலு சில்லிலும் இழுவை, முன்னால் லோடர், அதாவது மண் மணல் அள்ளும் பக்கட்டும் அதைத் தூக்கும் இரண்டு கைகளும். லொறியில் வந்து இறங்கிய அன்று பின்னேரமே அது ஸ்டார்ட் ஆகவில்லை. வேடிக்கை பார்க்கவென்றே கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சானும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நல்ல வேடிக்கைதான்.

விற்ற இடத்திலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆனது. வந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். கொள்கலனில் வரும்போது கிளச் மிதியின் கீழே செருகிய ரப்பர்க் கட்டையை யாரும் எடுக்கவில்லை. மிதி அடிவரை போகாததால் அதனோடுள்ள பாதுகாப்பு சுவிட்ச் அமரவில்லை. சுவிட்ச் அமராவிட்டால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. கட்டையை உருவி எறிந்தார், திறப்பைத் திருப்பினார், ஓடியது.

அதற்குப் பிறகு ஐம்பது மணி நேர ஓட்டத்துக்குள் ஏழெட்டுப் பிரச்சினை வந்தது. உண்மையாகவே பழுதான பாகம் அதில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தயார்படுத்தும்போது செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால், அல்லது எங்களுக்குப் பழக்கம் இல்லாததால் வந்தவை. ஆகவே புது யந்திரம் மக்கர் பண்ணினால் முதலில் பூட்டியது சரியா என்று பாருங்கள். பிறகு ஊற்றியது, அதற்கும் பிறகு இறுக்கியது. பாகம் போய்விட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். கராஜ் பாஸ்மார் சிலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், பில் உங்களுடையது.

எதையும் தொடுவதற்கு முன் பக்கட்டை நிலத்தில் வையுங்கள், கைப்பிரேக் போடுங்கள், எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். லோடர் நெம்பை நாலு பக்கமும் ஆட்டி ஹோஸில் நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். தூக்கிய கைகளுக்குக் கீழே, ஜாக் வைத்திருந்தாலும் சரி, தலையை விடாதீர்கள். ஹைட்ரோலிக் ஒயில் ஊசித்துளை அளவு ஓட்டையால் பீறினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அப்படி நடந்தால் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடர வேண்டாம். உடனே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போய், அழுத்தத்தில் ஒயில் ஏறியது என்று சொல்லுங்கள். அது சத்திரசிகிச்சை தேவைப்படும் காயம்.

"500 கிலோ தூக்கும்" என்றார்கள், ஒரு பக்கட் ஈர மணலுக்கே முக்குகிறது

இது வாங்கிய பிறகு தெரிய வரும் குறி. ஆனால் காரணம் வாங்கும் முன்பே பட்டியலில் இருக்கிறது. லோடரின் தூக்கும் திறனை இரண்டு இடத்தில் அளப்பார்கள். ஒன்று, பக்கட் தொங்கும் அச்சாணியில். மற்றது, அதற்கு 500 மில்லிமீட்டர் முன்னால். மணலின் பாரம் பக்கட்டுக்குள்ளேதான் கிடக்கும், அச்சாணியில் அல்ல. ஆகவே இரண்டாவது எண்தான் உங்களுக்கு உதவும். அது எப்போதும் சிறியது. உச்ச உயரத்தில் தூக்கும் அளவு, நிலத்துக்குக் கிட்ட தூக்கும் அளவைவிடக் குறைவு என்பதையும் கேட்டு வையுங்கள். சில பட்டியல்களில் பக்கட்டின் சொந்த எடையைக் கழித்திருக்கவும் மாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். உலர்ந்த மணல் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. ஈரமானால் 1,900ஐத் தாண்டும். 0.2 கனமீட்டர் பக்கட்டில் ஈர மணலைக் குவித்தால் கிட்டத்தட்ட 400 கிலோ. நாம் மணல் வாங்கும் ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.8 கனமீட்டர், உலர்ந்ததே நாலரைத் தொன். ஒரு கியூப்பை இடம் மாற்ற இந்தப் பக்கட்டால் பதினான்கு தடவை போக வேண்டும். கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் எந்த லோடர் வேண்டும் என்று விற்பவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லோடர் பெரிதாக இருக்கட்டும் என்று சின்ன டிராக்டரில் பெரிய பக்கட் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். காய்ந்த தென்னோலையும் உரிமட்டையும் அள்ள அகலமான பக்கட் நல்லது, ஆனால் அதே பக்கட்டில் ஒருநாள் யாரோ கபுக்கல் மண்ணை நிரப்புவார்கள்.

திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை

பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் பாதுகாப்பு சுவிட்ச்களைப் பாருங்கள். பொதுவாக மூன்று நாலு இருக்கும்: கிளச் அல்லது பிரேக் மிதி, பி.டி.ஓ. (மாட்டிய கருவிகளை எஞ்சின் வலுவில் சுழற்றும் தண்டு) நெம்பு, கியர் நியூட்ரல், கதிரை. ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே அழுத்தமாகச் செய்து பாருங்கள். பி.டி.ஓ. நெம்பு நடுவில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஒரு தடவை போட்டு எடுங்கள். மிதியின் கீழே எதுவும் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க என்னைக் கேட்காமலே பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிக் டிக் என்று மட்டும் கேட்டால் அது வேறு கதை. அப்போது பற்றரி. 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால்வாசி, 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது முனை தளர்வு. நிறைய நாள் யார்டில் நின்ற யந்திரத்தில் இரண்டுமே இருக்கலாம். எவ்வளவு நாள் நின்றது என்று அறிய ஒரு வழி: டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 1823 என்றால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். "நேற்றுத்தான் வந்தது" என்ற கதைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கொழும்பில் கடற்காற்றுப் படும் இடத்தில் நிறுத்துகிறவர்கள் முனைகளைக் கழற்றி, சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் பூசிவிடுங்கள். நெகடிவ் வயர் சட்டத்தில் பூட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்ட வேண்டும். பெயின்டுக்கு மேலே இறுக்கிய நட்டு வெளியில் பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

டீசல் போகவில்லை என்று அர்த்தம். பில்டருக்குப் பக்கத்தில் உள்ள டீசல் குழாய்த் திருகு பூட்டியபடி இருக்கும். கொண்டுவரும்போது பூட்டுவார்கள், பிறகு திறக்க மறப்பார்கள். அது திறந்திருந்தால், காற்று ஏறியிருக்கலாம். தாங்கியை நிரப்பி, பில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். கைப்பம்ப் இருந்தால் அடியுங்கள். மின் பம்ப் என்றால் திறப்பை ஆன் நிலையில் வைத்தாலே போதும். குமிழி வரும், பிறகு குமிழி இல்லாத டீசல் வரும், அப்போது திருகைப் பூட்டுங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம்; அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடி. காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகும்) எஞ்சின் என்றால் இன்ஜெக்டர்க் குழாய்களில் கையே வைக்காதீர்கள்.

பிடித்து, ஓடி, இருமிக்கொண்டு நின்றால் நீர் கலந்த டீசல் என்று சந்தேகப்படுங்கள். பில்டருக்குக் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் தெளிவாக வேறொரு படை தெரியும். 2022இல் கியூ.ஆர். கோட்டாவுக்கு வரிசையில் நின்ற பயம் போகாமல் பீப்பாயிலும் கானிலும் டீசல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்முடைய ஈரக்காற்றுக்கு அரைவாசி நிரம்பிய பீப்பாயின் உட்சுவர் இரவில் வியர்க்கும், அந்த நீர் அடியில் தங்கும். தாங்கிக்கும் அதே கதைதான். வேலை முடிந்த பின்னேரமே நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், காலையில் அல்ல.

புகைபோக்கியில் புகைக்கரி வடிகட்டி உள்ள மாதிரி வாங்கினால் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். சுப்பர் டீசலில் ஓட்டோ டீசலை விடக் கந்தகம் குறைவு, விலை கூட. 25 குதிரைவலுவுக்குக் கீழே உள்ள எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அந்த வடிகட்டி கிடையாது. நாங்கள் 24இல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதிரையிலிருந்து எழும்பினால் நின்றுவிடுகிறது

பழுது இல்லை. பி.டி.ஓ. ஓடும்போதோ கியரில் இருக்கும்போதோ ஆள் இறங்கினால் நிற்க வேண்டும் என்றே செய்தது. கதிரைக்குக் கீழே வயரை ஒன்றாக முறுக்கிவிடும் "வேலை" தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

லோடர் மெதுவாக எழும்புகிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புது யந்திரத்தில் மிக அதிகமாக வருவது இதுதான்.

முதலில் எஞ்சின் வேகம். ஹைட்ரோலிக் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. மெதுவாக ஓடும் எஞ்சினில் ஒயில் ஓட்டம் குறைவு, லோடரும் மெதுவாகத்தான் எழும்பும். நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ஒயில் அளவு. இதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. லோடரைத் தனியாகக் கொண்டுவந்து பூட்டும்போது அதன் நாலு சிலிண்டரும் எட்டு ஹோஸும் வெறுமையாக இருக்கும். முதல் தடவை ஆட்டும்போது அவை நிரம்புவதற்கு வேண்டிய ஒயில் கியர்ப்பெட்டியிலிருந்துதான் போகிறது, ஏனென்றால் இந்தச் சின்ன டிராக்டர்களில் கியர்ப்பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். அளவுக்கோல் காட்டிய "நிறைவு" அதற்கு முந்தியது. லோடரை ஐந்தாறு தடவை முழுதாக ஏற்றி இறக்கி, பக்கட்டை நிலத்தில் வைத்து, பின் இணைப்பையும் இறக்கி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எங்களுடையது கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் குடித்தது. ஊற்றுவது டிராக்டர்க் கியர்-ஹைட்ரோலிக் ஒயிலாக இருக்க வேண்டும், கையேட்டில் உள்ள தரத்தில். எஞ்சின் ஒயில் ஊற்றி "எல்லாம் ஒயில்தானே" என்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய ஈரப்பிரேக் (அதே ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும் பிரேக்) இப்போது பிசாசுபோலக் கத்துகிறது.

தூக்குகிறது ஆனால் இறக்கவில்லை, அல்லது கைகள் அசைகின்றன பக்கட் அசையவில்லை என்றால், ஹோஸ்களைப் பூட்டும் விரைவு இணைப்புகளில் ஒன்று முழுதாக அமரவில்லை. ஹோஸில் அழுத்தம் தேங்கியிருந்தால் அது உள்ளே போக மறுக்கும். வெயிலில் நின்ற ஹோஸ் என்றால் இன்னும் மோசம். நெம்பை எல்லாப் பக்கமும் ஆட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள், டக் என்ற சத்தம் கேட்க வேண்டும். நெம்பை முன்னால் தள்ளினால் மேலே போகிறது, பின்னால் இழுத்தால் கீழே வருகிறது என்றால் இரண்டு ஹோஸ் இடம் மாறிப் பூட்டியிருக்கிறது. மாற்றிப் பூட்டி, நிறமான டேப் சுற்றி அடையாளம் போடுங்கள்.

லோடர் நன்றாக வேலை செய்கிறது, பின்னால் உள்ள திரீ பொயின்ட் (கருவிகளை மூன்று இடத்தில் மாட்டித் தூக்கும் இணைப்பு) எழும்பவில்லை என்றால், லோடர் வால்விலிருந்து பின்பக்கத்துக்கு ஒயில் கொண்டுபோகும் ஹோஸும் தாங்கிக்குத் திரும்பும் ஹோஸும் இடம் மாறியிருக்கும். இதை ஓட்டிப் பரிசோதிக்க வேண்டாம், பம்ப் போய்விடும். நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். லோடரைக் கழற்றும்போது வால்வும் கூடவே வந்துவிடும் அமைப்பாக இருந்தால், டிராக்டரில் மிஞ்சும் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைக்காமல் எஞ்சினைத் தொடக்கூடாது. ஒயிலுக்குப் போக வழியில்லாமல் பம்ப் முட்டும்.

கடைசி வரை தூக்கிய பிறகும் நெம்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் வரும் கீச்சுச் சத்தம் அழுத்தம் விடும் வால்வுடையது. பழுதல்ல, ஆனால் ஒயில் சூடேறும், கையை எடுங்கள். இரவில் தூக்கி நிறுத்திய பக்கட் காலையில் கொஞ்சம் இறங்கியிருப்பதும் பழுதல்ல. அப்படித் தூக்கி நிறுத்தியதுதான் பிழை.

ஒயில் கசிந்தால் கையால் தடவித் தேட வேண்டாம். ஒரு கார்ட்போர்ட் அட்டையை ஹோஸின் ஓரமாகக் கொண்டுபோங்கள், எங்கே ஈரப்படுகிறது என்று அது சொல்லும். ஆரம்பத்தில் சொன்னேனே, உண்மையாகப் பழுதான பாகம் ஒன்றே ஒன்று என்று. அது இங்கேதான்: பக்கட் சிலிண்டர் இணைப்பில் ஒரு ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தது. நாலு விரல் அகலம்கூட இல்லாத ரப்பர் வளையம். உத்தரவாதத்தில் கேட்டால் ஒரு கிழமை ஆகும் என்றார்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பஞ்சிகாவத்தையில் அளவு பார்த்து வாங்கிவந்து அன்று மத்தியானமே போட்டோம். ஓ-ரிங் போன்றதைக் கடையில் வாங்கலாம். ஹோஸ் என்றால் அழுத்த அளவைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் எல்லா ஹோஸும் 200 பார் தாங்காது.

தூக்கும்போது பின் சில்லு மிதக்கிறது, ஸ்டியரிங் கல்லாகிறது

இந்தக் குறியை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

லோடர் தூக்கும் பாரத்துக்கு முன் அச்சுதான் துலாவின் நடு. முன்னால் 400 கிலோ தொங்கினால் பின்பக்கம் இலேசாகும். பின்பக்கம் இலேசானால் வருவது வெறும் சறுக்கல் அல்ல. பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின் சில்லுகளுக்கு மட்டும்தான். பின் சில்லு நிலத்தில் அழுந்தவில்லை என்றால் உங்களுக்குப் பிரேக்கே இல்லை. சரிவில் இறங்கும்போது நாலு சில்லு இழுவையைப் போட்டுவிட்டு இறங்கச் சொல்வது அதனால்தான். முன் சில்லுகளும் பின்னோடு இணைந்திருக்கும், அவையும் பிடிக்கும்.

பின்னால் பாரம் வைக்க இரண்டு வழி. டயருக்குள் நீர் நிரப்பலாம். நமக்குப் பனி உறையும் பயம் இல்லை, வெறும் நீரே போதும். சில்லை ஜாக்கில் தூக்கி, வால்வு உச்சியில் நிற்கும்படி சுற்றி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால்வாசி ஆகும். மிச்ச இடம் காற்றுக்கு. டியூப் உள்ள டயர் என்றால் பயமில்லை, டியூப் இல்லாவிட்டால் ரிம் துருப்பிடிக்கும். ஆனால் நீர் நிரப்பினாலும் முன் அச்சின் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது. நீரின் எடை பின் அச்சின் மேலேயே இருக்கிறது. முன் அச்சை ஆறுதல்படுத்த வேண்டுமானால் பாரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும்.

நாங்கள் செய்தது: 200 லீற்றர் பீப்பாயைக் குறுக்கே பாதியாக வெட்டி கொங்கிரீட் ஊற்றினோம். கொங்கிரீட் லீற்றருக்கு 2.4 கிலோ, ஆகவே 240 கிலோ. கொங்கிரீட்டுக்குள்ளால் ஒரு இரும்புத் தண்டு, அதன் இரு முனையிலும் 22 மில்லிமீட்டர் ஊசி, மேல் இணைப்புக்கு 19 மில்லிமீட்டர் துளை. இவை முதலாம் வகை திரீ பொயின்டின் அளவுகள். கீழ் ஊசிகளுக்கிடையே 68 சென்டிமீட்டர், மேல் துளை அவற்றுக்கு 46 சென்டிமீட்டர் உயரத்தில். தண்டு கொங்கிரீட்டுக்குள் சுழலாமல் இருக்கக் கம்பி வலையோடு வெல்ட் பண்ணுங்கள். எங்கள் டிராக்டரின் அச்சுகளுக்கிடையே 1.6 மீட்டர், பீப்பாய் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது. துலாக் கணக்குப்படி முன் அச்சிலிருந்து 150 கிலோ குறைகிறது, பின் அச்சில் 390 கிலோ கூடுகிறது. 240 கிலோ கொங்கிரீட்டுக்கு இது மோசமான பேரம் இல்லை. உங்கள் யந்திரத்துக்கு எவ்வளவு என்று லோடரின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

எவ்வளவு பாரம் வைத்தாலும் பக்கட்டை முழங்காலுக்குக் கீழே வைத்தே ஓட்டுங்கள். டிராக்டர் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட்டைப் போடுங்கள், மடித்திருந்தால் போட வேண்டாம். அந்தச் சட்டம் தேங்காய்க்குக் குடை அல்ல என்பதையும் தென்னங்காணிக்காரர் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

டயர்க் காற்றையும் அன்றே அளந்துவிடுங்கள். கப்பலிலும் லொறியிலும் ஆடாமல் நிற்க அளவுக்கு மீறி அடித்திருப்பார்கள். அப்படியே ஓட்டினால் பந்துபோலக் குதிக்கும். மாறாக முன் டயரில் குறைந்திருந்தால் பாரம் தூக்கும்போது ஸ்டியரிங் கல்லாகும்.

மண்மேட்டில் முட்டும்போது இழுக்கவில்லை

ஹைட்ரோஸ்டேட்டிக் வகை, அதாவது மிதியை அழுத்தினால் முன்னே, மற்ற மிதியை அழுத்தினால் பின்னே போகும் வகை என்றால், இது பெரும்பாலும் காலின் பழக்கம். கார் ஓட்டிய கால் இழுவை போதாதபோது இன்னும் அழுத்தும். இங்கே மிதி எஞ்சினுக்கு அல்ல, வேகத்துக்கு. ஆழமாக அழுத்தினால் வேகம் கூடும், இழுவிசை குறையும். எஞ்சின் முனகினால் காலைத் தளர்த்துங்கள். அது மேட்டுக்குள் மெல்ல நுழையும். எஞ்சினைக் கை நெம்பால் ஏற்றிவிட்டு, ரேஞ்சை (கியரின் வேக வரிசையை) குறைந்ததில் போட்டு வேலை செய்ய வேண்டும். எனக்கு இது புரிய மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. மச்சான் காரே ஓட்டாதவர், அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

கொங்கிரீட் முற்றத்தில் நாலு சில்லு இழுவையைப் போட்டு ஓட்டிவிட்டு, பிறகு அந்த நெம்பு வெளியே வர மறுக்கிறது என்றால், அதை இழுத்து உடைக்காதீர்கள். முன்னும் பின்னும் சில்லுகள் சரிசமமாகச் சுற்றுவதில்லை. மண்ணில் அது சறுக்கித் தீரும், கொங்கிரீட்டில் தீராமல் கியருக்குள் முறுக்காக நிற்கும். இரண்டு மீட்டர் பின்னால் எடுத்தால் தானாக விடும்.

கிறீச் என்கிறது, ஆடுகிறது

லோடரின் அச்சாணிகளுக்குக் கிரீஸ் அடித்து அனுப்பியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். எங்களுடையதில் பதினாறு நிப்பிள், அதில் ஐந்து முழுதாகக் காய்ந்து கிடந்தன. பழைய கிரீஸ் ஓரத்தால் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் வேலை என்றால் பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை. முன் அச்சு ஆடும் நடுமுளையை எல்லோரும் மறப்பார்கள்.

சில்லு நட்டுகளையும், லோடர்ச் சட்டத்தை டிராக்டரோடு பிடிக்கும் போல்ட்களையும் முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, பத்து மணி நேரத்தில் ஒரு தடவை டோர்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். பெயின்ட் அமுங்கும், உலோகம் அமரும், இறுக்கம் குறையும். இறுக்கிய பிறகு நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்துப் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பனர் எடுக்காமலே தெரியும். ஒரு போல்ட் தொலைந்தால் அதே விட்டமுள்ள ஏதாவது ஒன்றைப் போட்டுவிட வேண்டாம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், அதே எண் வேண்டும்.

சூடேறுகிறது

புது யந்திரத்தில் ரேடியேட்டர் அடைப்பு வராது என்று நினைத்தேன். தென்னந்தும்பும் காய்ந்த புல்லும் ஒரே மத்தியானத்தில் முன் வலையை மூடிவிட்டன. எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவான காற்றால் வெளியே ஊதுங்கள். அழுத்த நீர் அடித்தால் தகடுகள் மடங்கும். அடுத்து விசிறிப் பெல்ட்: புது பெல்ட் நீளும், விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல அமுங்கினால் சரி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் திறப்பார்கள்.

ஒயில் நிறம் மாறியிருக்கிறது

கியர்ப்பெட்டி ஒயில் பிளேன்டீ போல இருக்க வேண்டும். பால் தேத்தண்ணி போல இருந்தால் உள்ளே காற்று அல்லது நீர். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து இரவு வையுங்கள். காலையில் தெளிந்திருந்தால் காற்று. பம்புக்கு ஒயில் உறிஞ்சும் ஹோஸின் கிளிப் தளர்வு, அல்லது ஒயில் அளவு குறைவு. தெளியாமல் கலங்கியே இருந்தால் நீர். களனி கங்கை 2016 மே மாதம் பெருகியதுபோல வெள்ளம் வந்து அச்சு வரை நீர் நின்ற யந்திரம் என்றால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் எஞ்சின், கியர்ப்பெட்டி, முன் அச்சு மூன்றின் ஒயிலையும் பாருங்கள். தாழ்ந்த காணி என்றால் நிறுத்தும் இடத்தை வாங்கும் முன்பே மேடாக்கிவிடுவது மலிவு.

வீதியில் மறித்தார்கள்

சாதாரண கார் லைசன்ஸ் போதாது. விவசாயக் காணி வாகனத்துக்கு ஜி வகுப்பு வேண்டும். ஜி1 என்பது கையால் பிடித்து ஓட்டும் இரு சில்லு லேண்ட்மாஸ்டருக்கு. நாரஹேன்பிட்டவில் பதிவுக்குக் கொடுக்கும் முன், பில்லில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சட்ட (சேசிஸ்) இலக்கத்தையும் யந்திரத்தில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பில்லில் ஒரு இலக்கம் தவறியிருந்தது. அதைத் திருத்த அலைந்ததை எழுதினால் இதைவிட நீளும்.

50 மணி நேரம்

இதுவரை எஞ்சினை முழு இழுவையில் வதைக்கவும் கூடாது, சும்மா மெதுவாக ஓடவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. பாரத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். வேலையில்லாமல் நீண்ட நேரம் ஓடினால் எரியாத டீசல் புகைபோக்கியில் கறுப்புப் பிசினாக வழியும்.

50ஆவது மணியில் எஞ்சின் ஒயிலும் பில்டரும், கியர்ப்பெட்டியின் பில்டரும் மாற்ற வேண்டும். கையேடு சொன்னால் அந்த ஒயிலும். "ஒயில் இன்னும் நல்லாத்தானே இருக்கு, 100க்குப் பார்ப்போம்" என்பார்கள். புதுக் கியர்கள் ஒன்றோடொன்று தேய்ந்து அமரும்போது வரும் இரும்புத்தூள் எல்லாம் அந்த முதல் பில்டரில்தான் இருக்கிறது. கழற்றிய பில்டரை வெட்டிப் பாருங்கள், அல்லது வடிகால் மூடியின் காந்தத்தைத் துடைத்து வெயிலில் பிடியுங்கள். சாம்பல் நிறப் பசைபோல, கொஞ்சம் மினுங்கினால் இயல்பு. நகத்தால் எடுக்கக்கூடிய துண்டு இருந்தால் அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, படம் எடுத்து, ஓட்டிய மணி நேரத்தையும் எழுதி, விற்ற இடத்துக்குப் போங்கள். புது ஒயிலை அதற்குப் பிறகு ஊற்றலாம்.